ஸ்லீவ் சர்ஜரிக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கஞ்சிதானா?

கேள்வி: எடையைக் குறைக்க ஸ்லீவ் சர்ஜரி செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறேன். செய்துகொண்டவர்கள் அதற்குப் பிறகு சாப்பாடு, வேலை, வீட்டு மனிதர்கள் எல்லாவற்றுக்கும் எப்படிப் பழகினீர்கள்? வாழ்நாள் முழுக்கக் கஞ்சிதானா?

கஞ்சியெல்லாம் முதல் சில வாரங்களுக்குத்தான். அப்புறம் இட்லி, தோசை, மீன் குழம்பு, கல்யாணப் பந்தி எல்லாமே உண்டு. அளவும் வரிசையும்தான் மாறிப்போகும். நான் தூத்துக்குடியில் பள்ளி ஆசிரியை. சுகர், முட்டி வலி, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிறகு ஸ்லீவ் செய்துகொண்டேன். சில வருடங்கள் ஆகிவிட்டன. ஆபரேஷனை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு அப்புறம் அடுக்களையில் நடப்பதை நாமும் வீட்டில் இருப்பவர்களும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழ அளவுக்கு விடுகிறார்கள். 100 முதல் 150 மில்லி பிடிக்கும். ஒரு டம்ளர்கூடக் கிடையாது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது எடுத்துவிடும் பகுதியில்தான். அதனால் முதல் சில மாதங்கள் பசி என்பதே மறந்துபோகும். ஆனால் சாப்பிடும் ஆசை எங்கேயும் போகாது. ராத்திரி புரோட்டாக் கடையைத் தாண்டி வரும்போது வயிறு சும்மா இருக்கும், மனசு இருக்காது. பசியும் ஆசையும் வேறு வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதைப் புரிந்துகொள்வது ரொம்ப உதவும்.

முதல் இரண்டு வாரம் மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சூப், புரோட்டீன் பவுடர் கலந்த பால். அடுத்து மசித்த உணவு, அப்புறம் மிருதுவான உணவு. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் சாதாரணச் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கணக்கு கொஞ்சம் மாறும், உங்கள் டயட்டீஷியன் சொல்வதே சட்டம். இந்தக் கட்டம் சலிப்பாக இருக்குமே தவிர, கஷ்டமாக இருக்காது.

கஷ்டம் சோற்றில் வந்தது. நம் வீடுகளில் சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. ஆபரேஷனுக்குப் பிறகு இது அப்படியே தலைகீழ். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும் என்பார்கள். ஒரு இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். அந்த ஒரு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டால் மீதிப் புரதம் எப்படிப் போகும்? அதனால் முதலில் முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல் என்று ஏதாவது ஒன்று. இடம் இருந்தால் காய். அதற்கு மேலும் இடம் இருந்தால் சோறு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்குப் புரதம் என்று மனசிலேயே கூட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன். கடற்கரை ஊரில் இருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று. குழம்பில் வெந்த விளமீன் கோழிக்கறியைவிட லேசாக இறங்கும்.

வெறும் சோறு சிலருக்கு உள்ளே போய்க் கட்டியாகிவிடும். எனக்கும் அப்படித்தான். நெஞ்சுக்குழியில் ஒரு அழுத்தம், வாய் நிறைய நுரை நுரையாக எச்சில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஒரு தவிப்பு. வாந்தியாக வெளியே வந்தால்தான் அடங்கும். பிரெட்டும் மெத்தென்ற தோசையும்கூட இதையே செய்யும். தோசையின் முறுகலான ஓரம் ஒன்றும் செய்யாது. நன்றாக மெல்ல வேண்டும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கையைத் தட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். வயிறு நிறைந்துவிட்டது என்பதற்கு எனக்கு ஒரு விக்கல் வரும், சிலருக்கு மூக்கில் நீர் வரும். அது வந்த பிறகு ‘இன்னும் ஒரே வாய்’ என்பது கிடையவே கிடையாது.

தண்ணீரும் சாப்பாடும் சேரக்கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர், அதுவும் மடக்கு மடக்காக. ஒரே மூச்சில் ஒரு சொம்பு குடிக்கிற காலம் முடிந்தது. வெயில் காலத்தில் வகுப்பில் தொண்டை வறளப் பேசுகிற வேலை என்பதால் மேசைமேல் எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன், அதோடு சரி. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் எல்லார் டப்பாவும் எல்லார் கைக்கும் போகும். நான் என் சின்ன டப்பாவை முதலில் முடித்துவிடுவேன், அப்புறம் ருசி பார்க்க ஒரு துண்டு எடுத்துக்கொள்வேன். யாரும் மனவருத்தப்படவில்லை.

வீட்டில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. என் அத்தை, அதாவது மாமியார், பாசத்தைக் கரண்டியால் காட்டுகிறவர். நான் இரண்டு வாயில் எழுந்துவிடுவதைப் பார்த்து, “இப்படித் தின்னா உடம்பு என்னத்துக்கும்மா ஆகும்? ஒரு கைச் சோறாவது திங்கக் கூடாதா?” என்று கண் கலங்கினார். என்னால் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அடுத்த முறை டயட்டீஷியனிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பெண் மேசைமேல் ஒரு சின்ன டம்ளரை வைத்து, “உங்க மருமக வயிறு இப்ப இதைவிடச் சின்னதும்மா. இதுல சோத்தை வச்சிட்டா மீனுக்கு எடம் எங்க?” என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அத்தை தானே மீனை முள் பார்த்து எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்து நீட்டினார். இப்போது சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், “அவளுக்குச் சோறு வைக்காதீங்க, குழம்புல உள்ள மீனை மட்டும் வைங்க” என்று எனக்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார். நீங்கள் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால், உங்கள் வீட்டில் சமைப்பது யாரோ அவரை இப்போதே ஆலோசனைக்குக் கூட்டிப்போங்கள். எனக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவும் கிடைக்கவில்லை.

கல்யாண வீட்டில் இலையில் மிச்சம் வைப்பதற்கு மனசு வராது, பரிமாறுகிறவர்களும் விடமாட்டார்கள். நான் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். பருப்பு, கூட்டு, அவியல், கொஞ்சம் தயிர் மட்டும் வாங்குவேன், மற்றதற்கு இலையின்மேல் கையை வைத்து மறித்துவிடுவேன். இனிப்பில் மட்டும் ரொம்பக் கவனம். எங்கள் ஊர் மக்ரூன் வாயில் போட்டதும் கரையும். அதில் இரண்டு தின்ற கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயிற்றைப் புரட்டிப் படுத்துவிட்டேன். டம்பிங் என்பார்கள். சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் இறங்குவதால் வருவது. பைபாஸ் செய்தவர்களுக்கு (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் இன்னொரு எடைக்குறைப்பு ஆபரேஷன்) இது அதிகம், ஸ்லீவில் குறைவு, ஆனால் வரவே வராது என்றில்லை.

மெலிய ஆரம்பித்ததும் பார்க்கிறவர்கள் எல்லாரும் “என்ன டீச்சர், எளச்சுப் போயிட்டீங்க, சுகரா?” என்பார்கள். நம் ஊரில் முகம் வற்றினால் நோய் என்றுதான் நினைப்பார்கள். தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. “வாயைக் கட்ட முடியாம ஆபரேஷன் பண்ணிக்கிட்டா” என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். உடல் பருமன் ஒரு நோய். பல வருடம் பட்டினி கிடந்தும் நடந்தும் பார்த்துத்தான் ஒருவர் அந்த மேசைமேல் போய்ப் படுக்கிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சரி, இனி சொல்வதை மட்டும் மறக்காதீர்கள். முதல் மாதங்களில் நாள்கணக்கில் வாந்தி நிற்காமல் போனால், பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்று போகாதீர்கள். தயமின் என்ற வைட்டமின் பி1 உடம்பில் சேமிப்பாக இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருக்கும். சாப்பிடாமல் வாந்தி மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் அது தீர்ந்துபோகும். அந்த நேரத்தில் பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சம் இருப்பதும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். முடியாவிட்டால் போகிற இடத்தில், “எனக்கு இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, முதலில் தயமின் கொடுங்கள்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சொல்கிற நிலையில் நாம் இல்லாமலும் போகலாம்.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே அளவைக் குறைக்க வேண்டிவரும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். டாக்டரைக் கேட்டுத்தான் எதையும் மாற்ற வேண்டும். உடம்பு வலிக்கு மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ வாங்கிப் போடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் வலி மாத்திரை இரைப்பையில் புண் உண்டாக்கும். பைபாஸ் செய்தவர்கள் அதைத் தொடவே கூடாது, ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்கிறார்கள். பாராசிட்டமால் போதும். வேகமாக மெலியும்போது பித்தப்பையில் கல் சேரும் என்பதால் முதல் ஆறு மாதத்துக்கு அதற்கும் ஒரு மாத்திரை தரக்கூடும்.

சத்து மாத்திரை வாழ்நாள் முழுக்க. மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, கால்சியம், தேவைப்பட்டால் இரும்பு. கால்சியத்தில் சிட்ரேட் வகை நல்லது, இரைப்பையில் அமிலம் குறைவாக இருந்தாலும் உடம்பில் சேரும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடக்கூடாது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு டீ காபியும் ஆகாது. வருடம் ஒரு முறையாவது ரத்தப் பரிசோதனை. நன்றாக இருக்கிறோமே என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பி12 குறைந்து காலில் மரமரப்பு வந்த பிறகு ஓடிவருகிறார்கள்.

முடி கொட்டும். மூன்றாவது நான்காவது மாதத்தில் சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. தலைக்கு குளிக்கவே பயந்தேன். ஆபரேஷனும் திடீர் எடைக் குறைவும் கொடுக்கும் அதிர்ச்சியில் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து மொத்தமாக உதிர்கிறது. வேர் சாகாது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப முளைக்கும், எனக்கு முளைத்தது. தோல் தளர்ந்து தொங்குவதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கையிலும் அடிவயிற்றிலும் தொங்கும் தோல் தானாகச் சுருங்குவது குறைவு. மடிப்பில் வேர்வை தங்கிப் புண்ணாகும், துடைத்து உலர்வாக வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கென்று தனி ஆபரேஷன் உண்டு. எடை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் செய்வார்கள்.

கல்யாணமான இளம்பெண்களுக்கு ஒரு வார்த்தை. எடை குறைந்ததும் மாதவிடாய் ஒழுங்காகி, கரு தங்கும் வாய்ப்பும் கூடும். வீட்டில் அவசரப்படுத்துவார்கள். 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வது குழந்தைக்குச் சத்து போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். இதையும் டாக்டர் வாயாலேயே மாமியார் காதில் போட்டுவிடுங்கள்.

முதல் வருடம் எடை தன்னால் இறங்கும். அதற்குப் பிறகு பசி மெல்லத் திரும்பும், கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடவும் முடியும். அப்போது ஆபத்து முறுக்கு, மிக்சர், பிஸ்கட் வடிவில் வருகிறது. கோழித்துண்டு இரண்டு தின்றால் வயிறு கல்லாக நிற்கும். முறுக்கு அப்படியில்லை, மென்றதும் மாவாகிச் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு ‘போதும்’ என்று சொல்லவே சொல்லாது. விடைத்தாள் திருத்திக்கொண்டே ஒரு டப்பாவைக் காலிசெய்யலாம். எங்கள் வீட்டில் அந்த டப்பா இப்போது என் கண்ணில் படாத அலமாரிக்குப் போய்விட்டது, கொறிக்க வறுத்த கடலையும் பொட்டுக்கடலையும் இருக்கும்.

ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் ஸ்லீவ் கிடையாது, பழைய முறைகள்தான். முதல் ஓரிரண்டு வருடத்தில் எடை நன்றாக இறங்கி, பிறகு கொஞ்சம் ஏறி, ஒரு மட்டத்தில் நின்றிருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களைவிட இவர்களிடம் இறப்பு குறைவு என்ற முடிவு 2007-ல் வந்தது. ஆகவே இரண்டு மூன்று கிலோ ஏறியதும் எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்துவிடாமல் டயட்டீஷியனைப் போய்ப் பாருங்கள்.

தேதி குறிப்பதற்கு முன் கடைசியாக ஒன்று. உங்களுக்கு இப்போதே நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உண்டா? இருந்தால் சர்ஜனிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்லீவுக்குப் பிறகு அது கூடலாம், அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸ் பொருத்தமாக இருக்கும் என்று அவரே சொல்லக்கூடும். ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை வருடம் தொடர்ந்து பார்ப்பார்கள், டயட்டீஷியன் அங்கேயே இருக்கிறாரா, ராத்திரி வாந்தி வந்தால் எந்த நம்பருக்குப் பேசுவது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.