12 கிலோமீட்டருக்கு மேல் உறைந்துபோன இருப்பிடம்

வணக்கம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உங்கள் மாணவர்கள் ஏவிய பலூன் 12 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஒரே இருப்பிடத்தையே திரும்பத் திரும்ப அனுப்பியதாகவும், அதனால் விலை கூடிய வானொலிக் கருவி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள், செய்தி தொடர்ந்து வந்ததென்றால் உங்கள் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு செய்தி அனுப்பும் வானொலி முறை) இணைப்பில் குறையே இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட யூபிளாக்ஸ் ஜிபிஎஸ் கருவி, இயல்பு அமைப்பில் 12,000 மீட்டர் வரைதான் இருப்பிடம் காட்டும். வான்வழி அமைப்புக்கு மாற்றினால் 50,000 மீட்டர் வரை காட்டும். மின்னிணைப்பு ஒரு நொடி அறுந்தாலும் பழைய அமைப்புக்கே திரும்பிவிடக்கூடும் என்பதால், அமைப்பை மாற்றும் கட்டளையைத் தொடக்கத்தில் மட்டுமன்றி இடையிடையேயும் அனுப்புமாறு நிரலை எழுதுங்கள்.

30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், டர்பனில் சேட்ஸ்வர்த் மேட்டிலிருந்தும் நான் உங்களுக்காகச் செய்தியைப் பிடித்துத் தர முடியும். உங்கள் லோரா அலைவரிசை 433 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஆன்டெனாவாக உள்ள சுமார் 17 சென்டிமீட்டர் கம்பியைப் பெட்டிக்குள் சுருட்டி வைக்காமல், அடியில் நேராகத் தொங்கவிடுங்கள்.