பில்ட் "ஓகே"ன்னு சொன்னா நம்பலாமா? பல சோர்ஸ் டைரக்டரிய ஷெல் ஸ்கிரிப்ட்ல டெஸ்ட் பண்றது

கேள்வி: கோர், யூஐ, டூல்ஸ்னு மூணு சோர்ஸ் டைரக்டரி, ஒவ்வொண்ணுலயும் தனி மேக்ஃபைல் (எத எப்படி கம்பைல் பண்ணணும்னு மேக் கமாண்டுக்கு சொல்ற ஃபைல்), கம்பைல் ஆகி வர்ற ஆப்ஜெக்ட் ஃபைல் எல்லாம் ஒரே பில்ட் ஃபோல்டருக்கு போகுது. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஃபார் லூப்ல மூணுலயும் மேக் ஓட்டி "ஓகே" சொல்லுது. ஆனா கோர்ல ஹெடர (மத்த சோர்ஸ் ஃபைலும் இன்க்ளூட் பண்ற ஃபைல்) மாத்தினா சில நேரம் பழைய கோடே ஓடுது, அப்பவும் ஓகேதான். எதை டெஸ்ட் பண்ணணும்?

பதில்: முதல்ல அந்த லூப்ப பாருங்க. ஃபார் லூப்போட எக்ஸிட் கோட் (முடியறப்ப திருப்பி தர்ற நம்பர், 0-ன்னா வெற்றி) கடைசியா ஓடின கமாண்டோடது மட்டும்தான், அதனால கோர் ஃபெயிலாகி டூல்ஸ் பாஸானா மொத்தத்துக்கும் 0 தான் வரும். ஒவ்வொரு மேக் கமாண்டுக்கு பின்னாடியும் ரெண்டு பைப் குறி போட்டு எக்ஸிட் 1 எழுதிடுங்க. செட் மைனஸ் ஈ (எந்த கமாண்ட் ஃபெயிலானாலும் ஸ்கிரிப்ட நிறுத்தற செட்டிங்) இருக்கேன்னு விட்டுடாதீங்க, இஃப் கண்டிஷனுக்குள்ள கூப்பிடற ஃபங்ஷன்ல அது வேலை செய்யாது. லாக்க டீ (tee, வர்றத ஸ்கிரீன்லயும் ஃபைல்லயும் எழுதற கமாண்ட்)-க்கு பைப் பண்ணா டீயோட கோட்தான் கைக்கு வரும், பாஷ் ஷெல்னா பைப்ஃபெயில் ஆன் பண்ணிக்கலாம், அப்ப பைப்ல எது ஃபெயிலானாலும் தெரியும்.

இப்ப முக்கியமான விஷயம். பில்ட் முடிஞ்சுதாங்கறது பாதி டெஸ்ட்தான், எது திரும்ப கம்பைல் ஆச்சு, எது ஆகலங்கற ரெண்டையும் பாக்கணும். எம்கேடெம்ப் மைனஸ் டி-ல ஒரு தற்காலிக டைரக்டரி எடுத்து, ட்ராப்ல (ஸ்கிரிப்ட் முடியறப்ப தானா ஓடற கமாண்ட்) கிளீனப் போட்டுட்டு, சோர்ஸ அங்க காப்பி பண்ணி ஒரு தடவ முழுசா பில்ட் பண்ணுங்க. அடுத்து ஒவ்வொரு டைரக்டரிலயும் மேக் மைனஸ் க்யூ ஓட்டுங்க, அது எதையும் பில்ட் பண்ணாம நிலைமைய எக்ஸிட் கோட்ல மட்டும் சொல்லும்: செய்ய ஒண்ணும் இல்லன்னா 0, ஏதோ பாக்கி இருந்தா 1, எரர்னா 2. "0 இல்ல"ன்னு மட்டும் செக் பண்ணா எரரும் பாக்கியும் ஒண்ணாயிடும், அதனால சரியான நம்பரையே பாருங்க.

அப்புறம் ஒரு மார்க்கர் ஃபைல் உருவாக்கி, சோர்ஸ், ஆப்ஜெக்ட், மார்க்கர் எல்லாத்துக்கும் டச் மைனஸ் டீ (touch -t, ஃபைலோட நேரத்த மாத்தற கமாண்ட்) வச்சு ஒரே பழைய தேதிய போடுங்க. நேரம் சமமா இருந்தா குனு மேக் அத அப்டுடேட்டாவே எடுத்துக்கும். இப்ப அந்த ஒரு ஹெடர மட்டும் டச் பண்ணி பில்ட் பண்ணிட்டு, ஃபைண்ட் மைனஸ் நியூவர்ல மார்க்கர விட புதுசா இருக்கற ஆப்ஜெக்ட் லிஸ்ட் எடுத்து, சார்ட் பண்ணி, எதிர்பார்த்த லிஸ்ட்டோட டிஃப் போடுங்க. ஸ்லீப்ல காத்திருக்கறத விட இது எவ்வளவோ மேல், ஏன்னா நேரத்த செகண்ட் அளவுல மட்டும் வச்சிக்கற ஃபைல் சிஸ்டத்துலயும் தடுமாறாது. யூஐ ஆப்ஜெக்ட் லிஸ்ட்ல வரலன்னா, ஜிசிசி கம்பைலருக்கு மைனஸ் எம்எம்டி கொடுத்து வர்ற டாட் டி ஃபைல (எந்த ஆப்ஜெக்ட் எந்த ஹெடர நம்பியிருக்குன்னு சொல்ற லிஸ்ட்) அந்த மேக்ஃபைல்ல இன்க்ளூட் பண்ணலன்னு அர்த்தம், பெரும்பாலும் உங்க பிரச்சனை இதுதான்.

இன்னொரு சந்தேகமும் இருக்கு. கோர்லயும் யூஐலயும் யூட்டில் டாட் சி-ன்னு ஒரே பேர்ல ஃபைல் இருக்கா? கோர் போட்ட ஆப்ஜெக்ட் பில்ட் ஃபோல்டர்ல ஏற்கெனவே புதுசா இருக்கறத பாத்துட்டு, யூஐ தன்னோடத கம்பைலே பண்ணாம தாண்டி போயிடும், எரரும் வராம போகலாம். டைரக்டரிவாரியா சப் ஃபோல்டர் பிரிச்சிடுங்க, அதுக்குன்னே ஒரே பேர்ல ரெண்டு குட்டி ஃபைல் வச்சு தனி டெஸ்டும் போடுங்க.

சோர்ஸுக்குள்ள பில்ட் எதையாவது எழுதுதான்னு பாக்க, சிஹெச்மாட்ல (பெர்மிஷன் மாத்தற கமாண்ட்) ரைட் பெர்மிஷன எடுத்துட்டு ஓட்டுங்க. ஆனா ரூட்டா (எல்லா அனுமதியும் இருக்கற அட்மின் யூசரா) ஓடற கன்டெய்னர்ல அந்த தடை செல்லாது, டெஸ்ட் சும்மாவே பாஸாகும், சாதாரண யூசராதான் ஓட்டணும்.