ஓராண்டாக ஜிம்முக்குப் போகிறேன், சதை பிடிக்கவில்லையே?

கேள்வி: எனக்கு 27 வயது. உயரம் 172 செ.மீ., எடை 58 கிலோ. கோவையில் ஐ.டி. வேலை. ஓராண்டுக்கு மேலாக வாரம் ஆறு நாள் ஜிம்முக்குப் போகிறேன். ஆரம்பத்தில் இரண்டு கிலோ ஏறியது, அதோடு நின்றுவிட்டது. பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் எடை தூக்குவது) ஆறு மாதமாக 40 கிலோதான். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் பைசெப்ஸ், வெள்ளி டிரைசெப்ஸ், சனி கால். சனிக்கிழமை பெரும்பாலும் தவறிவிடும். காலையில் நான்கு இட்லி, இரண்டு அவித்த முட்டை. மதியம் சாதம், சாம்பார், பொரியல், தயிர். மாலை டீ, பிஸ்கட். இரவு மூன்று சப்பாத்தி, குருமா. ஞாயிறு மட்டும் சிக்கன். நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். ஜிம் மாஸ்டர், எடை ஏற்றும் பவுடரான மாஸ் கெய்னர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா, இல்லை என் உடல்வாகே இப்படித்தானா?

பதில்: மாஸ் கெய்னர் வேண்டாம். உடல்வாகு பற்றிப் பிறகு பேசுவோம். அதற்கு முன் நீங்களே எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள்: அசையாத 58, அசையாத 40. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கோளாறு எங்கே என்று பிடிபடும். தூக்கும் எடை கூடிக்கொண்டே போய் உடல் எடை மட்டும் நின்றால், சாப்பாடு போதவில்லை. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் ஏறி, தூக்கும் எடை நின்றால், பயிற்சியில் ஓட்டை. உங்களுக்கு இரண்டும் நிற்கின்றன. ஆகவே இரண்டு பக்கமும் வேலை இருக்கிறது.

முதலில் சாப்பாடு. "நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்" என்று ஒல்லியானவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதில் பொய் இல்லை. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு அரைக் கிலோகூட இல்லை. இன்னொருவருக்கு நான்கு கிலோவைத் தாண்டியது. அதிகம் ஏறாதவர்கள், தங்களுக்கே தெரியாமல் கூடுதலாக அசைந்து அந்தக் கலோரியைச் செலவழித்திருந்தார்கள். எழுந்து நடப்பது, காலாட்டுவது, உட்கார்ந்த இடத்தில் நெளிவது, இவ்வளவுதான். ஆகவே உடல்வாகு என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அர்த்தம் உங்களுக்கு ஏறாது என்பதல்ல, மற்றவரைவிட அதிகம் சாப்பிட்டால்தான் ஏறும் என்பதே. உங்களுக்கு எத்தனை கலோரி தேவை என்று சொல்ல ஆப் எதுவும் வேண்டியதில்லை. மாதக்கணக்கில் எடை நகரவில்லை என்றால், வரவும் செலவும் சமம். இப்போது சாப்பிடுவதற்கு மேல் தினமும் 300 முதல் 400 கலோரி ஏற்றினால் போதும்.

புரதத்தில் பள்ளம் இன்னும் பெரிது. சாம்பாரோடு நான்கு இட்லியில் சுமார் 12 கிராம், இரண்டு முட்டையில் 12, மதியச் சாப்பாட்டில் 20க்குள், மாலை டீயில் ஐந்து, இரவு 13. கூட்டினால் 60 சொச்சம். சாதாரண ஆளுக்கு இது தாராளம்; உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பதுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. எடை தூக்கிச் சதை வளர்ப்பவர் கணக்கு வேறு. 49 ஆய்வுகளை ஒன்றாக அலசி 2018இல் வந்த கட்டுரை, கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் சராசரியாகப் பெரிய லாபம் இல்லை என்று கண்டது. உங்களுக்கு அது 93 கிராம். ஆக, தினமும் 30 கிராம் குறைகிறது.

இதை நிரப்ப டப்பா தேவையில்லை. பிஸ்கட்டை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். காலையிலும் படுக்கும் முன்னும் ஒவ்வொரு டம்ளர் பால். முட்டை இரண்டை நான்காக்குங்கள். மஞ்சள் கருவைத் தூக்கி எறிய வேண்டாம். முட்டை வேண்டாத நாளில் 50 கிராம் மீல்மேக்கரைக் குருமாவில் போட்டால் அதிலேயே 25 கிராம் புரதம் வந்துவிடும். ரூபாய்க்கு இவ்வளவு புரதம் தரும் பொருள் மளிகைக் கடையில் வேறு அதிகம் இல்லை. மத்தி மீன் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள்.

மாஸ் கெய்னரை நான் மறுப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்தால் முதலில் நிற்பது மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது வேகமாகச் சர்க்கரையாகும் மாவு. எடை ஏறும், வயிற்றில் ஏறும். நமக்கு இது கூடுதல் ஆபத்து. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள்: புனேயின் யாஜ்னிக், லண்டனின் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் எண்) ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்பில் சதை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது சகஜம். அதனால் எடை மாதத்துக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோவுக்குள் ஏறினால் போதும். வாரம் மூன்று நாள் காலையில், மலஜலம் கழித்தபின், வெறும் வயிற்றில் எடை பார்த்துச் சராசரியை எழுதுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளங்கள். எடையைவிட இடுப்பு வேகமாகப் பெருத்தால் சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள்.

இனி பயிற்சி. ஆறு நாள் போவதை எல்லோரும் பாராட்டியிருப்பார்கள். எனக்கு அது உறுத்துகிறது. கைக்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கிவிட்டு, உடம்பிலேயே பெரிய தசைகள் உள்ள காலை விட்டுவிடுகிறீர்கள். நெஞ்சு திங்களன்று வேலை செய்தால் அடுத்த திங்கள்வரை சும்மா இருக்கிறது. வாரம் நான்கு நாளாக்குங்கள்: இரண்டு நாள் மேலுடம்பு, இரண்டு நாள் காலும் இடுப்பும். ஒவ்வொரு தசைக்கும் வாரம் இருமுறை வேலை, மொத்தம் 10 முதல் 15 செட் (இடைவிடாமல் தூக்கும் ஒரு சுற்றுதான் ஒரு செட்). ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச், ரோயிங், புல்டவுன், தோளுக்கு ஒரு பிரஸ். கைக்கு மிச்ச நேரம் போதும். பெரிய பயிற்சிகளில் செட்டுக்கு இடையே இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வு எடுங்கள். மூச்சு வாங்கியபடியே அடுத்த செட்டில் குதித்தால் வியர்வைதான் மிச்சம்.

40 கிலோவில் நிற்பதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று செட், ஒவ்வொன்றிலும் 8 முதல் 12 முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று 40 கிலோவை 9, 8, 8 தூக்கினால் அதை எழுதுங்கள். அடுத்த முறை எங்காவது ஒன்று கூட வேண்டும். மூன்று செட்டிலும் 12 வந்த அன்று பாரின் இருபக்கமும் 1.25 கிலோ தட்டு ஏற்றி மறுபடி எட்டிலிருந்து தொடங்குங்கள். செட்டை முடிக்கும்போது இன்னும் ஒன்றிரண்டு தூக்கலாம் என்ற நிலையில் இருக்க வேண்டும். ஐந்தாறு தூக்கலாம் என்றால் அது வார்ம்-அப். மறுநாள் உடம்பு வலித்ததா என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். புதிதாக எதைச் செய்தாலும் வலிக்கும்.

தூக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டு கிளையன்ட்டுக்காக ராத்திரி ஒரு மணிவரை விழித்துவிட்டு ஆறு மணிக்கு ஜிம்மில் நிற்பவராக இருந்தால், பயிற்சியை மாலைக்கு மாற்றி ஏழு மணி நேரமாவது தூங்குங்கள்.

எட்டு வாரம் இப்படி ஒழுங்காகச் செய்தும் எடை அசையாவிட்டால் இன்னும் 200 கலோரி சேர்த்துப் பாருங்கள். ஆனால் எடை தானாக இறங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். தாகமும் சிறுநீரும் அதிகமென்றால் சர்க்கரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனையில் இலவசம். அடிக்கடி வயிற்றுப்போக்கு இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

அடுத்து யாராவது ஊசி போடச் சொல்வார்கள். வெளியிலிருந்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விந்தணு எண்ணிக்கை சரியும், விட்ட பிறகு மீள மாதக்கணக்கில் ஆகலாம். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் எடை தூக்கும் பலத்தைக் கூட்டும் பவுடரான சாதாரண கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. முதல் சில வாரங்களில் ஒரு கிலோ ஏறினால் துள்ளாதீர்கள், பெரும்பாலும் நீர்தான். ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இதை எடுப்பதாக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டி, சிறுநீரகம் கெட்டுவிட்டதோ என்று வீட்டில் எல்லோரும் பதறிவிடுவார்கள்.