லைவ் டேட்டாவுக்குப் பணம் கட்டணுமா? வாசகர் கேள்விகள்

நிஃப்டி ஆப்ஷனில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்கிறேன். முதலீடு ஒரு லட்சம். டிக் பை டிக் டேட்டா இல்லாமல் லாபம் பார்க்க முடியாது, மாதம் 2,000 ரூபாய் கட்டி வாங்குங்கள் என்கிறார் பயிற்சி வகுப்பு நடத்துபவர். வாங்கலாமா? (ஈரோடு)

வாங்காதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 24,000 ரூபாய், அதன்மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 28,320. ஒரு லட்சம் போட்டவர் 28% லாபம் எடுத்த பிறகுதான் டேட்டா செலவே அடையும்.

தேசியப் பங்குச்சந்தையான என்.எஸ்.இ. தன் விலைத் தகவலைப் படிப்படியாக விற்கிறது. முதல் படியில் சிறந்த வாங்கும் விலையும் விற்கும் விலையும் மட்டும் இருக்கும். அடுத்ததில் இரு பக்கமும் ஐந்தைந்து விலைகள் (இதுதான் ஐந்து விலை ஆழம்), அதற்கடுத்ததில் இருபது. ஒவ்வொரு ஆர்டரும் வந்து போவதைக் காட்டுவதுதான் டிக் பை டிக். இதில் ஐந்து விலை ஆழம் உங்கள் புரோக்கர் ஆப்பிலேயே தனிக் கட்டணம் இல்லாமல் தெரிகிறது.

2018 ஏப்ரலில் பங்குச்சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உரிய கட்டமைப்பை வைத்திருக்கும் எல்லா உறுப்பினர்களுக்கும் (புரோக்கர்கள் போன்றோர்) டிக் பை டிக் தகவலைப் பங்குச்சந்தைகள் இலவசமாகவே தர வேண்டும் என்றது. ஆகவே பெரிய நிறுவனங்களின் பலம் அந்தத் தகவலில் மட்டும் இல்லை. பங்குச்சந்தை வளாகத்திலேயே வைத்திருக்கும் சர்வரிலும் அதில் ஓடும் ஆல்கோவிலும் (தானாக ஆர்டர் போடும் கணினி நிரல்) இருக்கிறது. செபியின் 2024 செப்டம்பர் ஆய்வின்படி, எஃப் அண்ட் ஓ-வில் (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவு) வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 2023-24இல் ஈட்டிய லாபத்தில் 97% ஆல்கோ வழியே வந்தது. அதே ஆய்வில், மூன்று ஆண்டுகளில் தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம். அந்தத் தகவல் உங்கள் வீட்டு பிராட்பேண்டுக்கு வந்து, நீங்கள் பார்த்து, பட்டனை அழுத்துவதற்குள் அந்த விலை போய்விட்டிருக்கும்.

புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் வரும் எக்ஸ்சேஞ்ச் டிரான்ஸாக்ஷன் சார்ஜ், டேட்டாவுக்கான கட்டணமா? (சேலம்)

இல்லை, அது வர்த்தகம் செய்ததற்கான கட்டணம். 2024 அக்டோபர் 1 முதல் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே விகிதம் வந்தது. என்.எஸ்.இ. அப்போது நிர்ணயித்தது ஆப்ஷனில் ஒரு லட்சம் ரூபாய் பிரீமியத்துக்கு (ஆப்ஷனின் விலை) 35.03 ரூபாய், பங்குகளையே வாங்கி விற்கும் கேஷ் பிரிவில் ஒரு லட்சத்துக்கு 2.97 ரூபாய்.

பைத்தானில் சொந்தமாக ஆல்கோ எழுதுகிறேன். டெலிகிராமில் லைவ் ஃபீட் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா? (கோவை)

வேண்டாம். உரிமம் இல்லாத ஃபீட், நீங்கள் பொசிஷன் எடுத்து வைத்திருக்கும் நேரத்தில் நின்றுபோனால் புகார் சொல்லக்கூட ஆள் இல்லை. தினசரி விலையை வைத்து பேக்டெஸ்ட் செய்ய (பழைய விலைகளில் ஆல்கோவைச் சோதிக்க) என்.எஸ்.இ. இணையதளத்தின் பாவ்காப்பி என்ற தினசரி விலைப் பட்டியல் போதும், அது இலவசம். லைவுக்கு உங்கள் புரோக்கரின் ஏ.பி.ஐ.யை (உங்கள் நிரலை புரோக்கரோடு இணைக்கும் வசதி) பயன்படுத்துங்கள். சில புரோக்கர்கள் அதற்குக் கட்டணமே வாங்குவதில்லை. கணக்குத் தொடங்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். ஏ.பி.ஐ. வழியே ஆர்டர் போடுபவர்களுக்கு, 2025 பிப்ரவரியில் வந்த செபி விதிகளின்படி நிலையான (மாறாத) ஐ.பி. முகவரி, அதாவது இணைய இணைப்பின் எண், தேவை என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போடும் ஆர்டர்கள்தானே அந்த டேட்டா? அதை எங்களுக்கே விற்பது நியாயமா? (நாகர்கோவில்)

நியாயமான கேள்வி. திரட்டவும் உடனுக்குடன் அனுப்பவும் செலவு ஆகிறது, அதற்கு ஒரு விலை இருக்கலாம். ஆனால் ஒரு பங்குச்சந்தையின் ஆர்டர் புத்தகத்துக்கு (காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியல்) அந்தச் சந்தை மட்டுமே மூலம். கட்டணம் அதிகம் என்று வேறு கடைக்குப் போக முடியாது. போட்டி இல்லாத இடத்தில் விலையைக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டும். அமெரிக்காவில் 2010இல் நீதிமன்றமே கேட்டது. நியூயார்க் பங்குச்சந்தைக் குழுமத்தைச் சேர்ந்த ஆர்க்கா, தன் ஆர்டர் புத்தக ஆழத்துக்குக் கட்டணம் விதித்தது. போட்டி இருப்பதால் விலை நியாயமாகத்தான் இருக்கும் என்று ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் தந்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அந்த ஒப்புதலை ரத்து செய்தது.

நம் ஊரில் நான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைப்பவை இரண்டு: ஆப்பில் தெரியும் ஐந்து விலை ஆழமும், இலவச பாவ்காப்பியும். சிறு வர்த்தகருக்கு இவை அடிப்படை உரிமை. செபி கருத்துக்கேட்பு அறிக்கைகளுக்குத் தனிநபரும் பதில் அனுப்பலாம். உங்கள் கணக்கில் இந்தச் செலவு எவ்வளவு என்று இரண்டு வரி எழுதினாலும் அது பதிவாகும்.

அமெரிக்கப் பங்குகளை எல்.எல்.சி. பெயரில் வாங்கி விற்கிறேன். டேட்டா கட்டணம் திடீரெனப் பல மடங்கு வருகிறது. ஏன்? (நியூ ஜெர்சி)

நிறுவனப் பெயரில் கணக்கு இருந்தால் பொதுவாக உங்களைத் தொழில்முறைப் பயனாளராகவே வகைப்படுத்துவார்கள். சொந்தப் பணத்தைச் சொந்தப் பெயரில் நிர்வகிப்பவருக்கு மாதம் ஓரிரு டாலரில் முடிகிற அதே விலைத் தகவல், அந்த வகையில் பல பத்து டாலர் ஆகிவிடும். தனிநபர் கணக்குக்கு மாறுவதற்கு முன், வரி ஆலோசகரிடம் கேட்டு எல்.எல்.சி.யால் மிச்சமாகும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படிவத்தில் மட்டும் தவறாக எழுதாதீர்கள். பின்னால் தணிக்கையில் பிடிபட்டால் பழைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள்.