300 ஜிபி வீடியோவை நண்பர்களுக்கு அனுப்ப: கேள்வி பதில்

பயணத்தில் ஆறு பேர் எடுத்த வீடியோ மொத்தம் 300 ஜிபி. எல்லோருக்கும் எல்லாமும் வேண்டும். கூகுள் டிரைவ் போதுமா?

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபிதான், அதையும் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் பங்கு போட்டுக்கொள்ளும். காசு கட்டி இடம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் டவுன்லோடு வேகம், அதுவும் மெகாபிட் கணக்கில். எட்டால் வகுத்தால்தான் மெகாபைட். 20 எம்பிபிஎஸ் அப்லோடு என்றால் நொடிக்கு 2.5 எம்பி, 300 ஜிபி ஏற 33 மணி நேரம் தாண்டும்.

நானாக இருந்தால் சிங்க்திங் போடுவேன், கணினிகளின் ஃபோல்டர்களை நேராக ஒன்றுபோல் வைத்திருக்கும் மென்பொருள். இலவசம், நடுவில் யாருடைய சர்வரிலும் கோப்பு தங்காது, இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆறு பேரின் கணினிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், ஒருவருக்கு வந்து சேர்ந்த துண்டை அவரே அடுத்தவருக்குக் கொடுப்பார், நீங்கள் ஐந்து தடவை அனுப்ப வேண்டியதில்லை. ஆளுக்கொரு ஃபோல்டர் வையுங்கள்: எடுத்தவரிடம் 'அனுப்ப மட்டும்', மற்றவர்களிடம் 'பெற மட்டும்'.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சிங்க் (ஃபோல்டர்களை ஒன்றுபோல் வைப்பது) என்பது பேக்கப் அல்ல. ஃபோல்டரின் சொந்தக்காரர் தெரியாமல் அழித்தால் உங்களிடமும் அழியும், அதனால் பெறுபவர்கள் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதியை ஆன் செய்யுங்கள். இரண்டு, வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி இருக்கும்வரை கேமரா கார்டைத் தொடாதீர்கள்.

வாட்ஸாப்பில் அனுப்பினால்?

வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும். டாக்குமெண்டாக அனுப்பினால் அசல் அப்படியே போகும், கோப்புக்கு 2 ஜிபி வரை. நாலு கிளிப்புக்குச் சரி.

ஜிப் செய்தால் பாதியாகுமா?

ஆகாது. கேமராவே எச்.264 அல்லது எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் சுருக்கித்தான் பதிகிறது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்து என்ன வரப்போகிறது?

பென்டிரைவில் 40 ஜிபி காலி, ஆனால் 5 ஜிபி வீடியோ ஏற மறுக்கிறது.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் அமைப்புக்கு ஃபார்மேட் செய்யுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

பேசாமல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கைமாற்றினால் என்ன?

ஒரே ஊரில் இருந்தால் அதுதான் முதல் வழி. நொடிக்கு 100 எம்பி எழுதும் சாதாரண டிஸ்க்கில் 300 ஜிபி ஏற 50 நிமிடம்.

இதெல்லாம் கற்காலம் சார். கிளவுடில் ஒரு தடவை ஏற்றினால் ஆறு பேரும் எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு தடவைக்குத்தானே 33 மணி நேரம்!

என் அப்லோடு 200 எம்பிபிஎஸ். மூன்று மணி நேரம் சொச்சம்தான். உங்கள் டிஸ்க் ஆறு வீடு சுற்றி வர ஒரு மாதம் ஆகும், வழியில் கீழே விழுந்தால்?

200 இருப்பவருக்கு கிளவுடே சரி, ஒத்துக்கொள்கிறேன், ஒரு மாதக் கணக்கும் நியாயம்தான். விழுந்தால்? விழுவது பிரதி, அசல் வீட்டில் இருக்கும். ஆனால் எல்லோருக்கும் 200 இருப்பதுபோல் பேசாதீர்கள்.

இருந்தாலும் டிஸ்க்...

போதும், அடுத்த கேள்விக்குப் போவோம்.

யூடியூபில் அன்லிஸ்டட், அதாவது தேடலில் வராதபடி ஏற்றினால்?

பார்க்க மட்டும் என்றால் நல்ல வழி. எடிட் செய்வதற்கு என்றால் வேண்டாம், யூடியூப் மறுபடி சுருக்கிவிடும். லிங்க் கிடைத்தவர் எவரும் பார்க்கலாம்.

தரம் குறையாமல் வாட்ஸாப்பில் அனுப்ப...

மேலே இருக்கிறது.

எந்த எடிட்டிங் மென்பொருள் நல்லது?

என் துறை இல்லை.

டெலிகிராமில் 2 ஜிபி போகுமாமே, அப்புறம் எதற்கு வாட்ஸாப்?

வாட்ஸாப்பை நான் சொல்லவே இல்லை, நீங்கள்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். டெலிகிராமில் போகும், ஃபைலாக அனுப்புங்கள்.

நண்பன் காப்பி எடுத்துவிட்டான் என்று நினைத்துக் கார்டை ஃபார்மேட் செய்துவிட்டேன்...

இதற்குத்தான் தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். கார்டை உடனே வெளியே எடுங்கள், இனி அதில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், மீட்பதை அதே கார்டில் சேமிக்காதீர்கள். துண்டு துண்டாகப் பதிவான பெரிய வீடியோக்கள் முழுதாக வராமல் போகலாம். முதலில் நண்பனிடம் ஒரு தடவை கேளுங்கள்.