93 ஃபோர்ரன்னருக்கு வி8 எதற்கு? 3.4 போதும்

நண்பரே, 1993 டொயோட்டா ஃபோர்ரன்னரில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) போய்விட்டது, 3.0 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) இன்ஜினை இறக்கிவிட்டு ஷெவர்லேயின் வி8 (எட்டு சிலிண்டர்) வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டி, அதுவும் கலிபோர்னியாவில். என் ஓட்டு டொயோட்டாவின் 3.4 லிட்டர் வி6 (5விஇசட்-எஃப்இ) இன்ஜினுக்குத்தான். 150 குதிரைத்திறன் 183 ஆகும். உங்களுடைய மேனுவல் கியர்பாக்ஸில் அடாப்டர் இல்லாமலே உட்காரும்.

தலைவலி இன்ஜினின் பின்பக்கம். எக்ஸாஸ்டின் குறுக்குக் குழாய் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகரச் சுவர்) இடிக்கும். சிலர் பாடியை ஃபிரேமிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, அந்த இடத்தில் தகரத்தைத் தட்டி உள்ளே ஒடுக்குவதே மேல்.

அப்புறம், வெறும் இன்ஜினை வாங்கிவிடாதீர்கள். அந்த இன்ஜின் இருந்த அதே வண்டியின் ஈசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங், சென்சார்கள், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். இன்ஜினின் ஆண்டு வண்டியின் ஆண்டுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது. ஸ்மாக் ரெஃப்ரி (இன்ஜின் மாற்றிய வண்டிகளின் புகைக் கட்டுப்பாட்டைச் சோதிக்கும் கலிபோர்னியா ஆய்வாளர்) பார்ப்பது இதைத்தான். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் இரண்டையும் இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். உள்ளே இறக்கிய பிறகு என்றால் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, குனிந்து முதுகு ஒடியத்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.