சேமியா ஐஸின் சுவை வீட்டு ஃப்ரீசரில் ஏன் வருவதில்லை?

சிறுவயதில் ஐஸ்காரரிடம் வாங்கித் தின்ற சேமியா ஐஸின் சுவை வீட்டில் செய்தால் வருவதில்லையே, அந்தச் சுவை உண்மையிலேயே இருந்ததா அல்லது பழைய நாட்களின் மீதுள்ள ஏக்கம்தான் அப்படித் தோன்றுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையிலேயே இருந்தது. என் அப்பா பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் பத்தொன்பது கோடைகள் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டி விற்றவர் என்பதால், இதை நான் உறுதியாகவே சொல்ல முடியும்.

நீங்கள் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு, வெந்த சேமியாவைக் கலந்து, பிளாஸ்டிக் அச்சில் ஊற்றி, இரவு ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள். பல்லை வைத்தால் இறங்காத அளவுக்குக் கெட்டியாகவும், உள்ளே ஊசி ஊசியாகப் பனிப்படிகம் நிற்பதாகவும், சேமியா ஊறிப்போய்க் கூழாகவும் இருந்திருக்கும். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. ஃப்ரீசருக்குள் குளிர்ச்சி காற்றின் வழியாக வருகிறது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிகவும் மந்தமானது. உள்ளே −18 டிகிரி இருந்தாலும் ஓர் அச்சு முழுதாக உறையப் பல மணி நேரம் ஆகிறது. அத்தனை நேரமும் பனிப்படிகங்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன, சேமியாவும் பாலை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.

ஐஸ் கம்பெனியில் அச்சுகளைக் காற்றில் வைப்பதில்லை. உப்பைக் கரைத்த தண்ணீர் நிரம்பிய பெரிய தொட்டியில், வாய் மட்டும் மேலே இருக்கும்படி இறக்குவார்கள். உப்புத்தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையாது. நூற்றுக்கு 23 பங்கு உப்பு இருந்தால் −21 டிகிரி வரைக்கும் தண்ணீராகவே நிற்கும். அம்மோனியா ஓடும் குழாய்கள் அந்த உப்புத்தண்ணீரைக் குளிர்விக்க, அது அச்சின் நாலு பக்கமும் ஒட்டி நின்று சூட்டை வாங்கிக்கொள்ளும். பால் சீக்கிரம் உறைவதால் படிகங்கள் பொடியாக இருக்கும். கடித்தால் மொறுமொறுவென்று உடையும். விடியற்காலை ஐந்து மணிக்கு அப்பாவோடு சென்று அந்தத் தொட்டியருகே நின்றிருக்கிறேன். அச்சைத் தூக்கிச் சாதாரணத் தண்ணீரில் ஒரு முறை முக்கினால், குச்சியைப் பிடித்து இழுத்தவுடன் ஐஸ் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

சேமியா எப்போதும் நுனியில்தான் இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அச்சு தலைகீழாக நிற்கிறது. குச்சி செருகும் பக்கம் மேலே, நாம் முதலில் கடிக்கும் பக்கம் கீழே. சேமியா பாலைவிடக் கனமானது, ஆகவே உறைவதற்குள் அடியில் போய்ப் படிந்துவிடும். முதல் இரண்டு கடி முழுக்கச் சேமியா, அதன்பின் குச்சி வரைக்கும் வெறும் பால் ஐஸ். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த நுனியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டுக் குச்சிப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கி, பாதியில் ஐஸ் நழுவி மண்ணில் விழ அழுததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்பா அப்படி அழும் பிள்ளைக்கு இன்னொன்று கொடுத்துவிடுவார். அது எங்கள் கணக்கில்தான் போகும்.

1990களின் தொடக்கத்தில் அவர் பெட்டியில் கலர் ஐஸ் 25 பைசா, பால் ஐஸும் சேமியா ஐஸும் 50 பைசா. மாசியில் அறுவடைக் களங்களில் காசுக்குப் பதிலாக நெல் வாங்கிக்கொள்வார். பங்குனி, சித்திரையில் கோயில் திருவிழாக்கள் வரும். சித்திரை 21இல் அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி விற்கும். ரப்பர் ஹாரனை அவர் அமுக்கும் ஓசை தெருமுனையில் கேட்டதும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து ஓடி வருவார்கள். குளிர்பெட்டி இல்லாத அந்த ஊர்களுக்குக் குளிர்ச்சி என்பது பகலில் ஒரே ஒரு முறை, அப்பாவின் சைக்கிளில்தான் வந்தது. அதை எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. வெயிலில் நின்றபடி, முழங்கை வரை வழிவதை நக்கிக்கொண்டு, அப்போதே தின்று முடித்தாக வேண்டும். அதுவும் சுவையில் ஒரு பங்குதான் என்பதை மறுக்க மாட்டேன்.

ஊரே மகிழும் கோடை மழை எங்கள் வீட்டில் மட்டும் யாருக்கும் பிடிக்காது. ஒரு சித்திரையில், பக்கத்து ஊர்த் தேருக்காக அப்பா கடன் சொல்லி இருநூறு ஐஸ் எடுத்திருந்தார். பத்து மணிக்குப் பிடித்த மழை மூன்று மணி வரைக்கும் விடவில்லை. மாலையில் பெட்டியைத் திறந்தபோது குச்சிகள் பாலில் மிதந்துகொண்டிருந்தன. அம்மா ஒன்றும் பேசாமல் குச்சிகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அந்தப் பாலையும் சேமியாவையும் அடுப்பிலேற்றி நன்றாகக் கொதிக்கவைத்து ஏலக்காய் தட்டிப் போட்டார். அன்று இரவு எங்களுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாயசம் கிடைத்தது. விற்காத ஐஸுக்கும் கம்பெனிக்காரர் முழுக் காசும் பிடித்துக்கொண்டார். சம்பாதித்தால் பங்கு, நட்டமானால் சுமப்பவருக்கு மட்டும் என்ற அந்தக் கணக்கு எனக்கு இன்றும் ஆறவில்லை.

இதைப் படிக்கும் சிலர் "சாக்கடைத் தண்ணீரில் செய்த ஐஸைப் போய்ப் புகழ்கிறீர்களே" என்று கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பெட்டியருகே நின்ற பிள்ளையை இதே சொல்லைச் சொல்லி அடித்து இழுத்துச் சென்ற தாய்மார்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எல்லாக் கம்பெனியும் சுத்தமாக நடந்தது என்று நான் வாதிடவில்லை. கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றியவர்களும், சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் போட்டவர்களும் இருந்தார்கள். உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்பதும் தவறு. உறைநிலையில் பல கிருமிகள் உயிரோடுதான் கிடக்கும். என் அப்பா பால் காய்ச்சுவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஒரு கம்பெனியில் சரக்கு எடுப்பார். அதற்காகவே நான்கு கிலோமீட்டர் கூடுதலாக மிதித்தார். ஆகவே எல்லா ஐஸ்காரர்களையும் ஒரே வாயால் அழுக்கு என்று சொல்லும்போது எனக்கு வலிக்கிறது.

ஐஸ்கிரீமோடு இதை ஒப்பிடுவதும் சரியல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஐஸ்கிரீமில் பால் கொழுப்பு குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும். அதில் காற்றையும் அடித்துக் கலக்குகிறார்கள். கொழுப்பு நாக்கில் படிவதாலும் காற்று இடையில் நிற்பதாலும் அது மெத்தென்று இருக்கிறது. குச்சி ஐஸில் கொழுப்பு குறைவு, காற்றும் அடிப்பதில்லை என்பதால்தான் குளிர் நேராக நாக்கில் இறங்குகிறது, தொண்டையும் நனைகிறது.

வீட்டில் செய்ய வழி இருக்கிறது. ஒரு லிட்டர் பாலுக்கு 150 கிராம் சர்க்கரை, கரைத்து ஊற்றிய இரண்டு தேக்கரண்டி ஜவ்வரிசி மாவு ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி ஆறவையுங்கள். சர்க்கரை குறைந்தால் ஐஸ் கல்லாகிவிடும்; மாவு தண்ணீரைப் பிடித்துவைத்துப் படிகம் பெரிதாகாமல் தடுக்கும். சேமியாவைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து, ஊற்றுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். ஒரு வாளியில் மூன்று பங்கு உடைத்த ஐஸ் கட்டிக்கு ஒரு பங்கு கல் உப்பு என்ற எடையில் கலந்து, சிறிய எவர்சில்வர் டம்ளர்களில் பாலை ஊற்றி விளிம்பு மேலே நிற்கும்படி செருகுங்கள். உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே போனாலும் கெட்டுவிடும். பால் கூழ்ப் பதத்துக்கு வந்ததும் குச்சியை நிறுத்துங்கள். அந்த உப்பு ஐஸைப் பிள்ளைகள் வெறுங்கையால் அள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் புண்ணாகிவிடும்.

சென்ற மே மாதம் என் மகளுக்காக இப்படிச் செய்தேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது. நாற்காலியை வாளியருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் அவசரப்பட்டு டம்ளரைத் தூக்கப் போக, "பொறுடா, நடுவுல இன்னும் கட்டியாவல" என்று தடுத்தார். பிறகு தானே ஒன்றை எடுத்து, தண்ணீரில் முக்கி, குச்சியைத் திருகி உருவி, நுனியைக் கடித்து மெதுவாக மென்றார். "சேமியா ஒரு கொதி கூடிப்போச்சு" என்றார். மீதியைப் பேத்தியிடம் கொடுக்காமல் அவரே தின்று முடித்தார்.